அன்பரசி ஏன் அபிநயாவுக்கு முன்னால் வந்தாள்? தரவுத்தளமும் தமிழ் அகரவரிசையும்

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வட்டாரத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் போட்டி வைத்திருந்தோம். பெயர் கொடுத்தவர்கள் 180 பேருக்கு மேல். பதிவு மேசையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொண்டூழியர்கள் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான். அவர் கையில் இருந்தது நான் அச்சடித்துக் கொடுத்த பெயர்ப்பட்டியல்.

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் ஒரு சிறுமி பாட்டியின் கையைப் பிடித்தபடி வந்து, “அன்பரசி” என்றாள். டீச்சர் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போனார். அகரப் பெயர்கள் முடிகிற இடத்தில் விரலை வைத்தார். அரவிந்த், அருண், அர்ஜுன், அஷ்வின். அதோடு ஆகாரம் தொடங்கிவிட்டது. விரல் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது.

“தம்பி, அன்பரசின்னு ஒரு பேரே இல்லையே?”

“இருக்கு டீச்சர், நேத்து ராத்திரிகூட பார்த்தேன்.”

இருந்தது. முதல் பக்கத்தில், அபிநயாவுக்கு மேலே இருந்தது. அதற்குள் அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. பெயரைக் கண்டுபிடித்து அட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்பிய பிறகு டீச்சர் என்னிடம் கேட்டார்: “அன் எப்படிப்பா அபிக்கு முன்னால வரும்?”

மிகச் சரியான கேள்வி. பெயரைத் தவறவிடாமல் சேமித்து வைத்த கணினி, அதை எந்த இடத்தில் வைப்பது என்பதில் மட்டும் ஏன் தமிழ் ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை? இதற்கு விடை தெரிய வேண்டுமென்றால் ‘கொலேஷன்’ என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். பெயர்ப்பட்டியல், நூல்பட்டியல், உறுப்பினர் பட்டியல் என்று எதையாவது தமிழில் தயாரிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இது பலரும் கேள்விப்பட்டதுதான். யூனிகோடு என்ற பொதுத் தரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அ என்பது 2949. க என்பது 2965. ப என்பது 2986. ன என்பது 2985. டீச்சரின் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது: 2985 என்பது 2986ஐ விடச் சிறிய எண். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ‘அன்’ முதலில் வரும், ‘அபி’ அடுத்து வரும். என் பட்டியலில் நடந்தது இதுதான். எந்த விதியின்படி அடுக்க வேண்டும் என்று, பெயர்களைச் சேமித்து வைத்திருந்த தரவுத்தளத்திடம் நான் சொல்லவே இல்லை. அது எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டது.

அந்த விதிக்குப் பெயர்தான் கொலேஷன். இரண்டு சொற்களைக் கொடுத்தால் எது முன், எது பின், இரண்டும் ஒன்றா என்று முடிவு சொல்கிற விதித்தொகுப்பு அது. எழுத்துகளை எப்படிச் சேமிப்பது என்பது குறியாக்கம். சேமித்த எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது என்பது கொலேஷன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். “யூனிகோடில்தானே வைத்திருக்கிறோம், அப்புறம் வரிசை எப்படித் தப்பும்?” என்று கேட்பார்கள். யூனிகோடில் இருப்பதால் எழுத்து சிதையாது. வரிசைக்கு அது பொறுப்பேற்பதில்லை.

சரி, யூனிகோடில் ன ஏன் அவ்வளவு முன்னால் இருக்கிறது? நம் வரிசையில் அது கடைசி மெய் ஆயிற்றே. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்துகள் ‘அகரம் முதல் னகர இறுவாய்’ என்றுதான் தொடங்குகிறது. அதாவது அ தொடக்கம், ன முடிவு. இடையில் ய ர ல வ ழ ள ற ன என்பது தமிழ்ப் பிள்ளைகள் பாலர் பள்ளியிலேயே பாடுகிற வரிசை.

காரணம் இந்தியாவில் இருக்கிறது. யூனிகோடு உருவானபோது இந்திய மொழி எழுத்துகளுக்கு, இந்திய அரசு 1988இல் வகுத்த இஸ்கி என்ற தரத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். எல்லா இந்திய எழுத்துமுறைகளையும் ஒரே சட்டகத்தில், ஒலிக்கு நேர் ஒலி வைப்பது அதன் நோக்கம். தேவநாகரி எழுத்தின் எண்ணோடு 640 கூட்டினால் அதே ஒலியுள்ள தமிழ் எழுத்தின் எண் வந்துவிடும். தேவநாகரிக் க 2325. 640 கூட்டினால் 2965, நம்முடைய க. அந்தச் சட்டகத்தில் நகரத்துக்குப் பக்கத்தில் னகரத்தை வைத்தார்கள், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம், லகரத்துக்குப் பக்கத்தில் ளகரமும் ழகரமும். வடமொழி வரிசையில் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் ஜ வருவதால் நமக்கும் அங்கேதான் ஜ. ஆகவே எண்ணின்படி பார்த்தால் தமிழின் வரிசை இது: ச, ஜ, ஞ, ட, ண, த, ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ. இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். எண் என்பது முகவரி. வீட்டு எண்ணைப் பார்த்து அந்த வீட்டில் யார் மூத்தவர் என்று சொல்ல முடியாது அல்லவா? முகவரியை வயது என்று எடுத்துக்கொண்டதுதான் நாம் செய்கிற தவறு.

இதில் ஒரு விஷயம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. இவ்வளவு பெரிய மாற்றம் இருந்தும் ஏன் பலர் கண்ணில் இது படுவதில்லை? தமிழ்ச் சொற்கள் ற, ன, ழ, ள ஆகிய எழுத்துகளில் தொடங்குவதில்லை என்பதுதான் காரணம். பட்டியலைச் சரிபார்க்கிற யாரும் முதல் எழுத்தைத்தான் பார்ப்பார்கள். க பிறகு ச, ச பிறகு த, த பிறகு ந. எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பிழை இரண்டாவது, மூன்றாவது எழுத்தில் ஒளிந்திருக்கும். முதல் எழுத்திலேயே மாட்டுவது இரண்டுதான். ஒன்று ஜ. எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்களைத் தமிழில் அடுக்கிப் பாருங்கள்: எண் வரிசையில் ஜூரோங் ஈஸ்ட், செங்காங் போன்ற சகரப் பெயர்களைத் தாண்டியதும் வந்து நிற்கும், தமிழ் வரிசையில் அது கடைசியில் ஹவ்காங்குக்குப் பக்கத்தில் போக வேண்டும். இன்னொன்று ஆய்தம். ஃபாத்திமா, ஃபைசல் என்று ஆய்தம் வைத்து எழுதினால், ஆய்தத்தின் எண் 2947, அகரத்துக்கும் முன். அதனால் அந்தப் பிள்ளைகள் பட்டியலின் தொடக்கத்துக்குப் போய்விடுவார்கள். நம் முறையில் ஆய்தம் உயிரெழுத்துகளுக்குப் பின், ககரத்துக்கு முன்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் புள்ளி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழ் இலக்கணத்துக்கு ‘ர்’ என்பதுதான் அடிப்படை எழுத்து. அது மெய். அதோடு அகரம் சேர்ந்தால் ‘ர’. ஆகவே அகராதியில் ர் முதலில், பிறகு ர, ரா, ரி என்று போகும். கணினி இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அதற்கு ‘ர’தான் அடிப்படை. அதன் மேல் புள்ளி என்ற தனிக் குறியைச் சேர்த்தால் ‘ர்’. அருண் என்ற பெயர் கணினிக்குள் இப்படி இருக்கிறது: அ, ர, உகரக் குறி, ண, புள்ளி. அர்ஜுன் என்ற பெயர்: அ, ர, புள்ளி, ஜ, உகரக் குறி, ன, புள்ளி. இரண்டிலும் முதல் இரண்டும் ஒன்றே. மூன்றாவதில் அருணுக்கு உகரக் குறி, அதன் எண் 3009. அர்ஜுனுக்குப் புள்ளி, அதன் எண் 3021. புள்ளிதான் பெரியது. ஆகவே அருண் முன், அர்ஜுன் பின். அகராதியில் இது நேர்மாறாக இருக்க வேண்டும்.

குறிகளின் எண்களை அடுக்கியவர்கள் ஒன்றை நன்றாகவே செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மெய்யெழுத்து வடிவங்கள் எல்லாம் 2965இல் தொடங்கி 3001க்குள் முடிந்துவிடுகின்றன. உயிர்க்குறிகள் 3006இல் தொடங்குகின்றன. இதனால் ‘அரவிந்த்’ போல ரகரத்துக்குப் பின் குறி இல்லாத சொல், ‘அராபி’, ‘அரிசி’, ‘அருண்’ ஆகியவற்றுக்கு முன்னால் தானாகவே வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அகரம் தன் இடத்தில் நிற்கிறது. கா, கி, கீ, கு, கூ என்ற ஓட்டமும் சரிதான். புள்ளி ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விட்டது. தமிழில் ஒற்று இல்லாத பக்கம் ஏது? அக்கா, அத்தை, கண்ணன், முத்து, வள்ளி, செல்வி என்று எதைத் தொட்டாலும் புள்ளி இருக்கிறது.

சரியான வரிசை எப்படிக் கிடைக்கும்? யூனிகோடு அமைப்பே இதற்கென்று ஒரு தனி முறையை வெளியிட்டிருக்கிறது. அதன்படி எழுத்தின் எண் ஒரு பொருட்டில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக ஓர் ‘எடை’ உண்டு. முதலில் எழுத்து எது என்பதற்கான எடை. அது சமமாக இருந்தால் மேலே உள்ள ஒலிக்குறிகளுக்கான எடை. அதுவும் சமமானால் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதற்கான எடை. கடைசி இரண்டும் ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்குத்தான் அதிகம் உதவும். தமிழுக்கு முதல் படியிலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

இந்தப் பொது எடைப் பட்டியலில் தமிழ் எழுத்துகள் ஏற்கெனவே நம் வரிசையில் இருக்கின்றன. ய ர ல வ ழ ள ற ன, பிறகு ஜ முதலான கிரந்த எழுத்துகள். ஆனால் புள்ளி அங்கேயும் கடைசியில்தான். ஏனென்றால் அது எல்லா மொழிகளுக்குமான பொது அடித்தளம். அதன் மேல் ஒவ்வொரு மொழிக்கும் திருத்தங்கள் உண்டு. தமிழுக்கான திருத்தம், ‘ர’வையும் புள்ளியையும் சேர்த்து ஒரே எழுத்தாக எண்ணி, ரகரத்துக்குச் சற்று முன்னால் ஓர் எடையைக் கொடுக்கிறது. இப்படிப் பதினெட்டு மெய்களுக்கும், கிரந்த மெய்களுக்கும். ர் என்பது ஓர் எழுத்து என்று இலக்கணம் சொன்னதைக் கணினிக்கும் சொல்லிக்கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டியலிலிருந்தே ஆறு பெயர்களை எடுத்து மூன்று விதிகளிலும் அடுக்கிக் காட்டுகிறேன்.

வெறும் எண் வரிசை: அஜய், அனிதா, அன்பரசி, அருண், அர்ஜுன், அஷ்வின்.

பொதுவான யூனிகோடு வரிசை: அருண், அர்ஜுன், அனிதா, அன்பரசி, அஜய், அஷ்வின்.

தமிழுக்கான வரிசை: அர்ஜுன், அருண், அன்பரசி, அனிதா, அஜய், அஷ்வின்.

ஆறே பெயர், எல்லாம் அகரத்தில் தொடங்குபவை, மூன்று விதிக்கு மூன்று வரிசை. நடுவில் உள்ளது பாதி சரி: ன கடைசிக்குப் போய்விட்டது, ஜ கிரந்தத்தோடு சேர்ந்துவிட்டது, புள்ளி மட்டும் இன்னும் பின்னால். இந்த நடு வரிசைதான் ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன். முதல் வரிசையின் குழப்பம் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தெரிந்துவிடும். நடுவில் உள்ளது சரி போலவே இருந்து ஏமாற்றும்.

இனி, எந்தத் தரவுத்தளம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

கைப்பேசிச் செயலிகளில் மிகுதியாகப் பயன்படும் எஸ்கியூலைட், வேறு எதுவும் சொல்லாவிட்டால் பைட்டுகளை (சேமித்து வைத்த எண்களை) அப்படியே ஒப்பிடும். அதாவது மேலே காட்டிய முதல் வரிசை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காத ஒரு விதியும் அதில் உண்டு. அது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு மட்டும்தான். தமிழுக்கான விதி வேண்டுமென்றால் ஐசியூ என்ற இலவச நூலகத்தை, அதாவது பல மொழிகளின் வரிசை விதிகளைக் கொண்ட ஆயத்த நிரல்தொகுப்பை, அதனோடு இணைக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் கதை சுவையானது. அது பிறந்தது சுவீடனில். அதனால் 8.0 பதிப்பு வரும்வரை அதன் இயல்புநிலை வரிசைமுறை சுவீடிஷ் மொழிக்கானதாகவே இருந்தது! சுவீடிஷ் நெடுங்கணக்கில், மேலே இரண்டு புள்ளி வைத்த ஓ எழுத்து கடைசி எழுத்தாக வரும். ஜெர்மன்காரர்களோ அதைச் சாதாரண ஓவோடு சேர்த்து வைப்பார்கள். ஒரே வடிவம், இரண்டு மொழி, இரண்டு இடம். வரிசை என்பது எழுத்துக்குள் இல்லை, மொழிக்குள் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2018இல் வந்த 8.0 பதிப்பில் இயல்புநிலை பொதுவான யூனிகோடு வரிசைக்கு மாறியது. நமக்கு அது நடு வரிசை. வியட்நாமியம், ஜப்பானியம், மங்கோலியம் உள்ளிட்ட பல மொழிகளுக்கு அதில் தனி விதிகள் சேர்க்கப்பட்டன. தமிழுக்கு இல்லை. பெயரில் ‘ஜெனரல்’ என்ற சொல் வருகிற பழைய விதியைத் தேர்ந்தெடுத்தால் தமிழுக்கு மீண்டும் எண் வரிசைதான்.

தமிழ்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் வசதியானது போஸ்ட்கிரஸ். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ நூலகத்தை அது நேரடியாகப் பயன்படுத்தும். தமிழின் மொழிக்குறியான டி, ஏ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் கொலேஷன் அதில் தயாராக இருக்கும். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று நாட்டுக்கு ஒன்றாகக்கூட இருக்கின்றன. நம் நாட்டின் குறி சேர்ந்த அந்தப் பெயரை முதன்முதலாகப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. வரிசை நான்கிலும் ஒன்றேதான், அதனால் எதை எடுத்தாலும் சரி. வினவலில் ‘ஆர்டர் பை’ என்று எழுதி நெடுவரிசையின் பெயரைக் கொடுக்கிறோம் அல்லவா, அந்தப் பெயருக்குப் பின்னால் ‘கொலேட்’ என்ற சொல்லையும், இரட்டை மேற்கோளுக்குள் அந்தத் தமிழ் கொலேஷனின் பெயரையும் சேர்த்தால் போதும். அட்டவணையை உருவாக்கும்போதே அந்த நெடுவரிசைக்கு இதைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து முழுத் தரவுத்தளத்துக்கும் ஐசியூ விதியை இயல்புநிலையாக வைக்கலாம்.

உங்கள் தரவுத்தளத்தில் தமிழ் விதி இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, பட்டியலை எடுத்த பிறகு நிரலிலேயே அடுக்குவது. ஜாவாஸ்கிரிப்டில் சொற்களை ஒப்பிடும்போது மொழிக்குறியாகத் தமிழைக் கொடுத்தால் உலாவியே சரியாக அடுக்கித் தரும். பைதானில் ஐசியூ வழியாகவோ, ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறமூல நூலகம் வழியாகவோ செய்யலாம். சில நூறு பெயர்களுக்கு இது போதும். ஆயிரக்கணக்கில் இருந்து பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டுமென்றால் போதாது. முதல் 50 பேரைத் தரவுத்தளம் தன் விதியில் பிரித்துக் கொடுத்த பிறகு, அந்த 50ஐ மட்டும் நாம் அடுக்கி என்ன பயன்? அப்போது இரண்டாவது வழி: கூடுதலாக ஒரு நெடுவரிசை வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் அதன் எடைகளைக் கணக்கிட்டு அதில் போட்டுவிடுவது. அடுக்குவது அந்த நெடுவரிசையை வைத்து, காட்டுவது பெயரை. பெயர் மாறினால் எடையையும் மாற்ற மறக்கக்கூடாது.

கொலேஷன் வரிசையை மட்டும் பார்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே சொன்னேன். இரண்டு சொற்கள் ஒன்றா என்பதையும் அது முடிவு செய்கிறது. தேடலும், ஒரே பெயர் இரண்டு முறை வராமல் தடுக்கிற கட்டுப்பாடும் இதைப் பொறுத்தவை. தமிழில் இதற்கு மூன்று பொறிகள் உண்டு.

ஒகரக் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் பைட்டை மட்டும் பார்க்கிற தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ‘கொடி’ என்று தேடினால் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. சேமிக்கும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால், அதாவது இயல்பாக்கம் செய்துவிட்டால், இது தீர்ந்தது. போஸ்ட்கிரஸில் அதற்கு 13ஆம் பதிப்பிலிருந்து ஒரு செயற்கூறும் இருக்கிறது.

ஔகாரக் குறியில் வருவது அப்படித் தீராது. கௌரி என்ற பெயரைப் பலர் ‘கெ’ போட்டு அதன் பின் ளகரத்தைத் தட்டி ‘கெளரி’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. கணினிக்கோ அது கெ-ள-ரி என்ற மூன்றெழுத்து. எந்தக் கொலேஷனும் இதைச் சமமென்று சொல்லாது, சொல்லவும் கூடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. எங்கள் பட்டியலில் ஒரே கௌரி இரண்டு வடிவத்தில் இரண்டு முறை பதிவாகியிருந்தாள். ஒரு முறை அம்மா பதிந்தது, ஒரு முறை அப்பா பதிந்தது. கண்ணால் பார்த்துத்தான் திருத்தினேன்.

மூன்றாவது ஸ்ரீ. இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’ என்ற அரிதான எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தொடங்கி, இங்குள்ள கோயில் பெயர்களில் பாதிக்கு மேல் ஸ்ரீதான் முதலில் நிற்கிறது. கோயில் பட்டியல் ஒன்றைத் தயாரித்தால் இந்த இரண்டு வடிவமும் கலந்து, ஸ்ரீ கோயில்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். ஒரு வடிவத்தைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுவதுதான் வழி.

முகவரிக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரில் புளோக் எண்கள் 12, 12ஏ என்றெல்லாம் வருவதால் அவற்றை எண்ணாக வைக்காமல் உரையாகத்தான் வைப்போம். உரையாக அடுக்கினால் புளோக் 101, பிறகு 11, பிறகு 2 என்று வரும், ஏனென்றால் முதல் இலக்கம் மட்டும் முதலில் ஒப்பிடப்படுகிறது. ஐசியூ விதிகளில் இலக்கங்களைச் சேர்த்து எண்ணாகப் படிக்கும் ஒரு விருப்பம் உண்டு. அதை இயக்கினால் 2, 11, 101. வீடு வீடாக அழைப்பிதழ் கொடுக்கப் போகிறவர்களுக்கு இது நடையை மிச்சப்படுத்தும்.

நான்கு மொழிப் பட்டியல் பற்றியும் கேட்பார்கள். சீனப் பெயர்களைக் கீற்றுகளின் எண்ணிக்கைப்படியும் அடுக்கலாம், பின்யின் ஒலிப்படியும் அடுக்கலாம். மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே நெடுவரிசையில் நான்கையும் போட்டு எல்லோரையும் நிறைவுபடுத்துகிற ஒரு கொலேஷன் கிடையாது. மொழிக்கு ஒரு நெடுவரிசை வைத்து, அதற்குரிய விதியைக் கொடுப்பதே என் பழக்கம்.

இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று. தரவுத்தளம் வேகமாகத் தேடுவதற்காக ஒரு சுட்டெண் பட்டியலை முன்கூட்டியே அடுக்கி வைத்துக்கொள்ளும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல. அது ஒரு விதியில் அடுக்கப்பட்டிருக்கும்போது விதியை மாற்றினால், டீச்சரின் விரல் போலத் தரவுத்தளமும் தவறான பக்கத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடும். 2018இல் லினக்ஸ் இயங்குதளத்தின் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் நூலகம் 2.28 பதிப்பில் வரிசை விதிகளை மொத்தமாகப் புதுப்பித்தபோது, அதை நம்பியிருந்த போஸ்ட்கிரஸ் தரவுத்தளங்களில் இதுதான் நடந்தது. தரவு இருந்தது, தேடல் கண்டுபிடிக்கவில்லை. இயங்குதளத்தை மேம்படுத்தினால், ஐசியூ பதிப்பு மாறினால், சுட்டெண்களைத் திரும்பக் கட்ட வேண்டும்.

தமிழைக் கணினியில் ஒழுங்காக அடுக்குவது நேற்று தொடங்கிய கவலை இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியாக்கம் வைத்திருந்த காலத்தில், ஓர் எழுத்துருவில் எழுதியதை இன்னொன்றில் படிக்கவே முடியாது, அடுக்குவது எங்கே? 1997இல் இதே சிங்கப்பூரில்தான் ‘தமிழ்நெட் 97’ மாநாடு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் இங்கே ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி. உத்தமம் என்ற உலகத் தமிழ்க் கணினி அமைப்பும் 2000ஆம் ஆண்டு இங்கே நடந்த மாநாட்டில்தான் உருவெடுத்தது. இன்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிற நிலைக்கு வந்திருக்கிறோம் என்றால், அதற்குப் பின்னால் அப்படிப்பட்டவர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசிய பேச்சு இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் விடுவது எனக்கு மனம் கேட்காத காரியமாகிவிட்டது.

போட்டி முடிந்த மறுநாளே தரவை போஸ்ட்கிரஸுக்கு மாற்றி, பெயர் நெடுவரிசைக்குத் தமிழ் கொலேஷனைக் கொடுத்தேன். பெயர்களை இயல்பாக்கம் செய்தேன். அந்த ஆறு பெயர்களை மட்டும் முதலில் அடுக்கிப் பார்த்தேன். உங்களுக்கும் அவையே போதும்: அர்ஜுன் முதலில் வந்து, அன்பரசி அனிதாவுக்கு முன் நின்று, அஜய் அதற்குப் பின்னால் போனால் விதி சரியாக வேலை செய்கிறது. பிறகு முழுப் பட்டியலையும் அச்சடித்து டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆகாரம் தொடங்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி விரலை நகர்த்தினார். அஷ்வின், அஜய், அனிதா.

“ஆங், இந்தா இருக்கா அன்பரசி” என்றார்.